விளம்பர ஊதியமும் அணியின் ஒற்றுமையும்



விளையாட்டு, பணம் என்னும் இரண்டு சொற்களையும் ஒருங்கே கேட்டவுடன் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். பாடசாலை மைதானத்திலே பணத்துக்கு என்ன வேலை என்று வினவும் பெற்றோரை நான் அறிவேன். என் பிள்ளையின் திறமையைக் கண்டு யாரேனும் நாலு காசு கொடுத்தால் அதிலே என்ன குற்றம் என்று வினவும் பெற்றோரையும் அறிவேன். இருவர் வினாவிலும் நியாயம் உண்டு. ஆதலால், ஓர் அணியிலே சிலருக்கு மாத்திரம் விளம்பரத்தின் மூலம் ஊதியம் வருமிடத்து அவ்வணியின் ஒற்றுமைக்கு யாது நேர்கிறது என்பதை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இவ்வினா இக்காலத்தில் மிகப் பெரிய அளவிலே எழுந்திருக்கும் நாடு அமெரிக்கா. பரந்தன் முல்லைத்தீவு வீதியை அண்டி, வயல்களுக்கு நடுவே கிடக்கும் கண்டாவளைக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக மைதானங்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கோடிக்கணக்கில் நிகழ்வது இங்கே ஆயிரக்கணக்கில் நிகழத் தொடங்கியிருக்கிறது. தொகையிலே வேற்றுமை உண்டு. பதினெட்டு வயது இளைஞனின் மனத்திலே அத்துணை வேற்றுமை இல்லை.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. பந்து நீள்வட்ட வடிவினது. பெரும்பாலும் கையினாலேயே எறியப்படுவது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். 'குவாட்டர்பாக்' எனப்படும் வீரன் பந்தைப் பெற்று, அதனை எறிவதா, வேறொருவனிடம் கொடுப்பதா, தானே கொண்டு ஓடுவதா என்று கண நேரத்தில் தீர்மானிக்கிறான். அவனுக்கு முன்னே ஐவர் அரண்போல் நின்று, பாய்ந்து வரும் எதிரணியினரைத் தம் உடம்பினால் தடுக்கின்றனர். அந்த ஐவருள் ஒருவன் கால் இடறினால் குவாட்டர்பாக் நிலத்திலே வீழ்வான். எனினும் பத்திரிகையிலே படம் வருவது அவனுக்கே. சப்பாத்து விற்பவரும் மோட்டார் வண்டி விற்பவரும் தேடி வருவது அவனையே. முன்னே நின்று அடிவாங்கும் ஐவரின் பெயரை அவர்தம் ஊரவர் மட்டுமே அறிவர்.

இந்த ஆட்டத்தில் மாணவர் பலர் உயிரிழந்தமையால், 1905ஆம் ஆண்டிலே சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் தலையிட நேர்ந்தது. அதன் விளைவாக 1906இல் தோன்றிய அமைப்பே இன்று தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் என வழங்குவது. பணத்துக்காக ஆடாதவனே மாணவ வீரன் என்பது அச்சங்கத்தின் மூலக் கொள்கை. விளையாட்டுத் திறமையை மட்டுமே கருதிக் கல்விச் செலவையும் உண்டியுறையுளையும் வழங்கலாம் என்று 1956இல் அது இசைந்தது. அதற்கு மேலே தன் பெயரை விற்று ஒரு சதமேனும் பெறுதல் குற்றமாயிருந்தது.

கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் அதனைச் சூழ்ந்து வளர்ந்த வாணிகத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்திலே ஓரிலட்சத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். தொலைக்காட்சிக் கம்பனிகள் ஒளிபரப்பு உரிமைக்குப் பெருந்தொகை செலுத்தின. அலபாமாப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராயிருந்து 2024இல் ஓய்வு பெற்ற நிக் சேபன் தம் இறுதி ஆண்டுகளிலே வருடத்துக்குப் பத்து மில்லியன் டொலருக்கு மேல் ஊதியம் பெற்றார். மைதானத்திலே முழங்கால் முறிபவன் மட்டும் தூய்மையின் பெயரால் வெறுங்கையனாய் நின்றான்.

எட் ஓபானன் என்னும் முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர், தம்மை ஒத்த உருவம் ஒரு கணினி விளையாட்டிலே விற்பனையாவதைக் கண்டு, 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இலே தீர்ப்பு அவர் பக்கம் சாய்ந்தது. 2019இல் கலிபோர்ணியா மாநிலம் மாணவ வீரர் தம் பெயரைக் கொண்டு பொருளீட்டலாம் எனச் சட்டமியற்றியது. 2021 ஜூன் மாதத்திலே அந்நாட்டு உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒன்பது நீதியரசரும் ஒருமனப்பட்டுச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதி முதல், மாணவ வீரர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து ஊதியம் பெறலாம் என்றாயிற்று. 2025 ஜூன் 6ஆம் திகதி நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, 2025ஆம் ஆண்டு ஜூலை தொடங்கிய கல்வியாண்டிலே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை தன் வீரருக்கு நேரடியாகவே பகிர்ந்தளிக்கும் உரிமை பெற்றது.

இனி, அணியின் ஒற்றுமைக்கு நேர்ந்தது யாது?

பணம் நுழைந்தவுடன் அணி சிதறிவிடும் என்று பலர் அஞ்சினர். அலபாமா அணியின் பிறைஸ் யங் என்னும் குவாட்டர்பாக், அணியின் முதன்மை ஆட்டக்காரனாய் ஓர் ஆட்டத்தையேனும் தொடங்குமுன்னரே ஏறத்தாழ ஒரு மில்லியன் டொலருக்கு விளம்பர ஒப்பந்தங்களைப் பெற்றுவிட்டார் என்று, 2021 ஜூலையிலே அவருடைய பயிற்றுநரே பகிரங்கமாகக் கூறினார். அவருக்கு முன்னே அரணாய் நின்றோருக்கு அத்துணைத் தொகை வந்திராது. அணி சிதறியதா? இல்லை. அவ்வாண்டிலே யங் நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி வீரருக்குரிய ஹைஸ்மன் விருதைப் பெற்றார். அவருடைய அணி தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. ஆகவே, ஊதியத்திலே ஏற்றத்தாழ்வு உண்டாயின் ஒற்றுமை கெட்டே தீரும் என்று கூறுதல் பொருந்தாது.

வேறு சில இடங்களிலே கொடையாளரே முன்யோசனையோடு நடந்தனர். யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் அணியிலே 123 வீரர் இருந்தனர். அவர்களுள் 36 பேர் உதவிப்பணம் எதுவுமின்றித் தம் செலவிலேயே படித்து, பயிற்சிக்கு வந்து, பெரும்பாலும் ஓரத்திலே அமர்ந்திருப்போர். 2021 ஆகஸ்ட் மாதத்திலே, புரதச்சத்துச் சிற்றுண்டி செய்யும் கம்பனியொன்று 123 பேருடனும் ஒப்பந்தஞ் செய்தது. அந்த 36 பேருக்கும் ஓராண்டுக் கல்விக் கட்டணத்துக்கு ஈடான தொகையைக் கொடுத்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர் சிலர், யாரும் பெயரறியாத அந்த அரண் வீரருக்கென்றே ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 50,000 டொலர் ஒதுக்குவதாக 2021 இறுதியில் அறிவித்தனர். மறு ஆண்டிலே ரெக்சாஸ் ரெக் பல்கலைக்கழகத்தின் ஆதரவாளர் நூறு வீரருக்கு ஒரே அளவாய் ஆளுக்கு 25,000 டொலர் வழங்க முன்வந்தனர். எல்லோருக்கும் ஓர் அடிப்படை, சிலருக்கு அதற்கு மேலும் என்பதே இவ்வேற்பாடுகளின் உட்கருத்து.

இனி, கெட்டுப்போன இடங்களையும் பார்ப்போம். 2024 செப்டெம்பரிலே லாஸ் வேகாஸ் நகரத்துப் பல்கலைக்கழக அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றிருந்தது. அந்நேரத்திலே அதன் குவாட்டர்பாக் மத்தியூ சிலூக்கா, தமக்குக் கூறிய வாக்குறுதி நிறைவேறவில்லை என்று சொல்லி, எஞ்சிய ஆட்டங்களில் ஆடேன் என விலகினார். ஓரிலட்சம் டொலர் தருவதாய் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது என்பது அவர் தரப்பினர் கூற்று. அத்தகைய ஒப்பந்தம் எதுவுமே இல்லை என்பது பல்கலைக்கழகத்தின் கூற்று. எழுத்திலே ஒன்றும் இல்லாமையால் உண்மை எதுவென எவரும் நிறுவ இயலவில்லை. அணியோ அடுத்த ஆட்டத்திலே மாற்று வீரருடன் இறங்கி 59க்கு 14 என்று வென்றது. அவ்வாண்டு பதினொரு வெற்றிகளுடன் முடித்தது. விட்டுச் சென்றவரிலும் நின்றவரே அணி என்பதை அந்த இளைஞர் காட்டினர்.

2025 ஏப்பிரலிலே ரென்னசிப் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பாக் நிக்கோ யாமலியாவா, ஊதியத்தை உயர்த்துவது பற்றிய பேச்சுகள் நடைபெறுவதாய்ச் செய்தி வெளிவந்துகொண்டிருந்த நாளிலே பயிற்சிக்கு வரவில்லை. மறுநாளே பயிற்றுநர் ஜோஷ் ஹைப்பல், அவரின்றியே அணி முன்செல்லும் என்று அறிவித்தார். அவர் கலிபோர்ணியாவிலுள்ள வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஓராண்டு காத்திராமல் அணி மாறும் உரிமை 2021இல் ஒரு முறைக்கு மட்டும் அளிக்கப்பட்டு, 2024இல் வரையறையின்றி விரிக்கப்பட்டிருந்தது. நாளைக்கும் இவன் நம்மோடு இருப்பானா என்னும் ஐயம் உள்ள இடத்திலே, அவனுக்காக இன்று அடிவாங்க யார் முன்வருவர்?

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே வைத்து நோக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ஒருவனுக்கு அதிகமும் மற்றவனுக்குக் குறைவும் கிடைப்பதை இளைஞர் பொறுத்துக்கொள்வர். வாக்கு மாறுவதை அவர்கள் பொறார். அளவு எதுவெனத் தெரியாதிருப்பதையும் பொறார்.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு மாறானதன்று. 2002இலே கொழும்பில் நடைபெற்ற சாம்பியன்ஸ் கிண்ணத் துடுப்பாட்டப் போட்டிக்கு முன்னர், போட்டியின் ஆதரவாளரான கம்பனிகளுக்கு எதிரான கம்பனிகளின் விளம்பரங்களிலே வீரர் தோன்றலாகாது என்று சர்வதேசச் சபை நிபந்தனை விதித்தது. தனித்தனியே ஒப்பந்தம் வைத்திருந்த இந்திய முன்னணி வீரர் ஒப்பமிட மறுத்தனர். இணக்கம் ஏற்பட்ட பின்னரே போட்டி நடந்தது. 2021இலே இலங்கைத் துடுப்பாட்டச் சபை 24 வீரரை நான்கு தரமாகப் பிரித்து ஊதியம் வகுத்தபோது, வீரர் பலர் ஒப்பமிட மறுத்தனர். தரம் பிரித்த அளவுகோல் தமக்குத் தெளிவாக்கப்படவில்லை என்பது அவர்களது முறைப்பாடு. ஒவ்வொருவருக்கும் உரிய தொகையைப் பகிரங்கப்படுத்தியது இன்னொரு முறைப்பாடு. இதனை நேயர்கள் சற்றே ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தொகை வெளியாயிற்று; அளவுகோல் மறைந்திருந்தது. இருக்க வேண்டிய முறைக்கு இது நேர்மாறு. அளவுகோலை எல்லோரும் அறிய வேண்டும்; தொகையை அறிய வேண்டியவர் அறிந்தாற் போதும்.

பெரும் புகழுக்கும் பெரும் ஊதியத்துக்கும் நடுவே ஒற்றுமை நிலைத்ததற்கும் இந்நாட்டிலேயே சான்று உண்டு. 2010 ஜூலை 22ஆம் திகதி காலி மைதானத்திலே முத்தையா முரளிதரன் தமது 800ஆவது ரெஸ்ற் விக்கற்றை வீழ்த்தினார். அந்தப் பந்திலே பிரக்ஞான் ஓஜாவின் துடுப்பிற் பட்டு எழுந்ததைப் பிடித்தவர் மகேல ஜயவர்த்தன. முரளிதரனின் பந்துவீச்சிலே ஜயவர்த்தன பிடித்த ரெஸ்ற் பிடிகள் மாத்திரம் 77. எண்ணூறு என்னும் எண் முரளிதரனின் பெயரோடு உலகெங்கும் வழங்குகிறது. எழுபத்தேழு என்னும் எண்ணைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? ஆயினும் மணிக்கணக்காய்க் குனிந்து நின்று அந்தப் பிடிகளைப் பிடித்தவர், புகழ் யாருக்குப் போகும் என்று எண்ணிப் பார்த்துக் கையை நீட்டவில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இலே லங்கா பிறீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கும், 2024 மே மாதத்திலே இந்தியன் பிறீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். அன்று முதல், வன்னியிலே தென்னோலை மட்டையைத் துடுப்பாக்கி ஆடும் சிறுவனும் தனக்கும் ஒரு வழி உண்டு என்று நம்பத் தொடங்கினான். அது நல்ல நம்பிக்கை. அதனைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய கம்பனிகள் விளம்பர ஒப்பந்தம் கொடுப்பதில்லை. வேறு வழியிலே பணம் வருகிறது. புலம்பெயர்ந்து வாழும் ஒருவர் கைத்தொலைபேசியிலே ஒரு சிறுவன் அடித்த கோலைப் பார்க்கிறார். மனம் நெகிழ்ந்து அவனுக்கென்று பாதணியும் பணமும் அனுப்புகிறார். ஊர்க் கடைக்காரர் ஒருவர் தம் கடையின் பெயர் பொறித்த மேற்சட்டையை அவனுக்கு அணிவித்துப் படமெடுக்கிறார். கொடுப்பவர் உள்ளம் நல்லது. போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய காலத்திலே எங்கள் பகுதிப் பாடசாலைகள் பலவற்றுக்குப் பந்தும் வலையும் கிடைத்தது இத்தகைய நல்லோரின் கையினாலேயே.

நான் அறிந்த ஓர் அணியிலே இவ்வாறு ஒரு மாணவனுக்கு மாதந்தோறும் பணம் வந்தது. எவரும் அவனோடு சண்டையிடவில்லை. ஒரு கடுஞ்சொல்லும் எழவில்லை. மைதானத்திலே அவனிடம் பந்து வருவது மட்டும் குறைந்தது. பின்வரிசையிலே வெறுங்காலோடு ஆடியவன், முன்னே அவன் தனித்து நிற்பதைக் கண்டும் பந்தை வேறு பக்கம் உதைத்தான். அணி ஒன்று பிரிவதை வெளியிலிருப்பவர் காண்பதற்கு நெடுநாள் முன்னரே பந்து அறிந்துகொள்கிறது.

அம்மாணவனின் தந்தையார் நாட்கூலிக்கு வயல்வேலை செய்பவர். அவரை அழைத்து, தனியாக வரும் உதவியைச் சிறிது காலம் நிறுத்தினால் நல்லதல்லவா என்று ஒருவர் கேட்டபோது அவர் சொன்னார்: "ஐயா, வேண்டாமெண்டு சொல்லிற அளவுக்கு என்னட்டை என்ன இருக்கு?"

நேயர்களே, இந்த வினாவைத் தாண்டிச் செல்ல எவராலும் இயலாது. வறிய வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு அவனுடைய உழைப்பால் வரும் உதவியை, ஒற்றுமையின் பெயரைச் சொல்லித் தடுத்தல் அறமாகாது. அமெரிக்காவிலே நூறாண்டுக் காலம் செய்த அநீதியை நாமும் சிறிய அளவிலே செய்தவராவோம். அவ்வாறாயின், அணியைக் காக்கும் வழி எது?

அதனை நான் எங்கள் வயல்வெளியிலேயே காண்கிறேன். காலபோகத்துக்கு மழை உதவும். சிறுபோகத்துக்கோ குளத்து நீரே கதி. இரணைமடுக் குளத்திலே தேங்கிய நீர் எல்லா வயலுக்கும் போதாது. ஆகவே நீரைத் திறக்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. இவ்வளவு நீர் உண்டு, இவ்வளவு ஏக்கர் விதைக்கலாம், இன்னாருக்கு இவ்வளவு பங்கு என்று யாவரும் கேட்கத் தீர்மானமாகிறது. கூட்டத்திலே குரல் உயர்வதுண்டு, கோபிப்பதும் உண்டு. ஆயினும் அளவு தெரிந்தமையால் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவனும் தன் பங்குக்குக் காத்திருக்கிறான். இரவோடிரவாக எவனேனும் மடையைத் திருப்பினாற்றான் ஊர் இரண்டுபடுகிறது. நீர் குறைந்த ஆண்டிலும் கெடாத உறவு, மறைவாய்த் திருப்பிய ஒரு மண்வெட்டியால் கெடுகிறது.

பாடசாலை அணிக்கும் இம்முறை பொருந்தும். பணம் வருமுன்னரே விதி வேண்டும். அணியிலே ஒருவனுக்கு உதவ விரும்புவோர் முதலிலே அணி முழுவதற்கும் வேண்டிய அடிப்படையைக் கவனித்தல் முறை. ஒருவனுக்கு உயர்ந்த பாதணி வாங்கும் தொகையிலே பதினைந்து பேருக்குச் சாதாரணப் பாதணி வாங்கலாமா என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். பொதுக் கொடை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கிலே பற்றுச்சீட்டோடு சேரட்டும். தனி மாணவனுக்குரிய உதவி பெற்றோரின் அறிவோடு, அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலே, அவனது கல்விக்காகச் சேரட்டும். எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு என்பது எழுத்திலே இருக்கட்டும். நிறைவேற்ற இயலாத வாக்குறுதியைச் சிறுவனின் காதிலே எவரும் போட வேண்டாம். இலட்சம் டொலர்ப் பேச்சு வாய்மொழியாய் நின்றமையால் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலேயே எத்துணைக் கலகம் விளைந்தது என்பதை முன்னர்க் கண்டோம்.

பயிற்றுநருக்கும் ஒரு கடமை உண்டு. கோல் அடித்தவனை மாத்திரம் பாராட்டும் பழக்கம் நம் பாடசாலைகளிலே மிகுதி. பரிசளிப்பு விழாவிலே கிண்ணம் அவனுக்கு, மாலை அவனுக்கு, படம் அவனுக்கு. பந்தைத் தடுத்தவன், ஓடிக் கொடுத்தவன், ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்து ஓர் ஆட்டத்திலேனும் இறங்காதவன் ஆகியோரின் பெயரை ஒலிபெருக்கியிலே நாம் சொல்வதில்லை. பணம் வருவதற்கு முன்பே புகழை ஒருவனிடம் குவித்துவிட்டு, பின்னர்ப் பணத்தைக் குறைகூறுதல் நேர்மையன்று.

முன்னர் நான் கூறிய அணியிலும் இறுதியிலே இவ்வழிதான் கைகொடுத்தது. வெளிநாட்டு அன்பருக்கு நிலைமையை விளக்கி எழுதினர். அவர் மனமுவந்து அணி முழுவதற்கும் பாதணி அனுப்பினார். அம்மாணவனின் படிப்புக்குரிய தொகையும் நிற்கவில்லை. அது வங்கியிலே சேர்ந்தது. ஏன் அவனுக்கு அது கிடைக்கிறது, அவன் வீட்டு நிலை யாது என்பதை அவனது தந்தையாரின் இசைவோடு பயிற்றுநர் அணியிலே எடுத்துச் சொன்னார். அவ்வாண்டு வலய மட்டப் போட்டியிலே அந்த அணி தோற்றுவிட்டது. ஆயினும் பின்வரிசையிலிருந்து பந்து மீண்டும் அவனிடம் வந்தது.

தேரை ஊர் கூடி இழுக்கிறது. வடத்தின் முன்னே நிற்பவன் முகம் எல்லோருக்கும் தெரிகிறது. சில்லுக்கு முட்டுக்கட்டை போடுபவன் முகம் தெரிவதில்லை. முன்னே நிற்பவனுக்கு மாலை விழுவதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. முட்டுக்கட்டை போடுபவனையும் பெயர் சொல்லி அழைத்து, அன்னதானப் பந்தியிலே பக்கத்தில் இருத்தினாற் போதும். பிள்ளைகளின் திறமைக்கு உலகம் விலை பேசும் காலத்திலே வாழ்கிறோம். அந்த விலையை வெளிப்படையாகவும் முறையாகவும் பெற்றுக்கொடுத்து, அவர்களைத் தோழராகவே வளர்த்தெடுக்கும் பொறுப்பு பெற்றோர், ஆசிரியர், கொடையாளர் ஆகிய நம் மூவர் கையிலும் இருக்கிறது.